பெரம்பலூரிலிருந்து எந்தத் தேசத்துக்கு?

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையிட்டு நிற்க, இடையே கரிசலும் செம்மண்ணும் சுண்ணாம்புப் பாறையுமாகக் கிடக்கும் பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு மாவட்டங்களிலும், ஐ.டி.ஐ. படிப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில், அறுப்பு முடிந்து கைக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும் நாட்களில் தவறாமல் எழும் விசாரம் ஒன்று உண்டு. சிங்கப்பூரா, குவைத்தா, சவூதியா, துபாயா, மலேசியாவா என்பதே அது. விசாரம் தேசத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு மூன்று காரியங்கள்: முன்னே போய் நிற்கும் உறவினன் எங்கே இருக்கிறான், ஏஜெண்டின் கையில் எந்த நாட்டு விசா இருக்கிறது, வீட்டார் எவ்வளவு கடன் புரட்டமுடியும். போகிறவனுடைய வாழ்க்கையின் மிக நல்ல பத்துப் பதினைந்து ஆண்டுகளை நிர்ணயிக்கப்போகும் இந்த முடிவு, ஒரு ஜோடி மாடு வாங்கும்போது செய்கிற விசாரணையளவுகூட இல்லாமல் எடுக்கப்படுவதைக் காணும்போது உண்டாகும் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

புறப்படுவதற்கான நிர்ப்பந்தம் கற்பனையானதன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 5,65,223 பேரைக் கொண்டு தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த ஜனத்தொகையுள்ள மாவட்டமாக இருந்த பெரம்பலூர், மானாவாரிச் சாகுபடியையே நம்பி நிற்பது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் மழை நின்று பெய்தால் மகிழ்ச்சி தரும். தவறினால் விதைக்கடனும் உரக்கடனும் மட்டுமே மிஞ்சும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் நிரம்ப உண்டு. அதைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் பல எழுந்தன. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கங்களில் முந்திரி உண்டு. எனினும் சிமெண்ட் என்பது யந்திரம் செய்கிற வேலை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் அங்கே நிரந்தர உத்தியோகம் கிடைப்பது சாத்தியமில்லை. நாரணமங்கலத்தில் டயர் ஆலை வந்தது. எறையூரில் காலணித் தொழிற்பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவை நல்ல தொடக்கங்களே. ஆயினும், கட்டட வேலை கற்ற இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அடுத்த ஆடிக்குள் தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கவேண்டியிருக்கும்போது, தொழிற்பூங்கா பூர்த்தியாகும் வரை அவனைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

இவ்விரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகள். பெரம்பலூர் 1995-இலும், அரியலூர் 2001-இல் ஒருமுறை தோன்றிப் பின் இணைக்கப்பட்டு, மறுபடியும் 2007-இலும் தனி மாவட்டங்களாயின. அந்தப் பழைய ஜில்லா, சேலம், தஞ்சாவூர் ஜில்லாக்களோடு சேர்ந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பிய முக்கிய பிரதேசமாக இருந்தது. அக்காலத்தில் தேசத்தைத் தேர்ந்தவன் கூலியாள் அல்லன், ஆள் சேர்த்து அழைத்துப்போகும் கங்காணி. கங்காணிக்கு இலங்கையில் துரையின் பணம் இருந்தால் அவன் அழைத்துச் சென்ற கூட்டம் மண்டபம் முகாம் வழியாகக் கண்டிக்குப் போயிற்று; மலாயாவில் இருந்தால் ஆவடி, நாகப்பட்டினம் டிப்போக்கள் வழியாகப் பினாங்குக்குப் போயிற்று. புறப்படும் நாளிலேயே பிரயாணச் செலவும் முன்பணமும் கடனாக ஆள்மேல் எழுதப்பட்டன. இலங்கையில் அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அத்துண்டைக் கட்டித் தீர்க்கும் துரை எவனோ அவனிடமே ஆள் போய்ச் சேரவேண்டும். 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மலாயாவிலோ 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துக் கூலியாட்களின் பிரயாணச் செலவை ஏற்றுக்கொண்டது. தோட்டங்களின் கொடுமைகளை இதைக் கொண்டு நியாயப்படுத்த யாரும் துணியமாட்டார்கள். ஆனாலும் கப்பல் கட்டணத்தை முதலாளி கொடுக்கிற தேசத்துக்கும், தன் தலையில் கடனாக ஏற்றுக்கொண்டு போகிற தேசத்துக்கும் உள்ள பேதம் எவ்வளவு பெரியது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலச் சரித்திரத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பர்மாவைத் தேர்ந்தவர்கள் 1942-இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி மலைவழியே நடந்தார்கள். போருக்குப் பின் அங்கே திரும்பிப் போனவர்களின் கடைகளும் 1964-இல் தேசியமயமாக்கப்பட்டன. இலங்கையைத் தேர்ந்த தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் நாடற்றவர்களாயினர். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பங்கிட்டது. அம்மூன்றனுள் மலாயாவைத் தேர்ந்தவர்களின் சந்ததியாரில் கணிசமானோர் அந்நாட்டுப் பிரஜைகளாயினர். மூன்று கூட்டங்களும் ஒரே மண்ணிலிருந்து, ஏறக்குறைய ஒரே வறுமையிலிருந்து, ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆள்சேர்ப்போரின் பின்னே போனவர்களே. பின்னாளில் அவர்கள் கதியை வேறுபடுத்தியது அந்தந்தத் தேசத்தின் சட்டம், கூலி அன்று.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2015-இல் நடத்திய தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டார் அயல்நாடுகளில் இருந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் சிங்கப்பூரில் 4,10,000 பேர், ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,00,000 பேர், சவூதி அரேபியாவில் 3,50,000 பேர். இந்தப் பெரிய ஓட்டத்தின் உட்கிளைகள் ஊருக்கு ஊர் மாறுபடுகின்றன. வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிக்காடு, அதற்கு அணித்தான வி.களத்தூர் முதலிய முஸ்லிம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பாதை தலைமுறைகளாகப் பழகிப்போன ஒன்று. வேறு பல கிராமங்களில் சிங்கப்பூர்க் கட்டட வேலையே பிரதானம். ஓர் ஊரில் முதலில் போனவன் ஜூரோங்கில் இறங்கியிருந்தால் அவ்வூர் சிங்கப்பூர் ஊராகிறது. பஹாஹீலில் இறங்கியிருந்தால் குவைத் ஊராகிறது. “மச்சான் அங்கேதான் இருக்கான், பார்த்துக்குவான்” என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ குடும்பங்களில் முடிவைச் செய்துவிடுகிறது. உறவின் பலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்நிய மண்ணில் முதல் மாதச் சோற்றுக்கும், படுக்கைக்கும், காய்ச்சல் கண்டால் கஞ்சிக்கும் அதுவே துணை. ஆயினும் மச்சான் போன காலத்துச் சட்டம் வேறு, இன்றைய சட்டம் வேறு. மச்சானுடைய முதலாளி வேறு, நம் பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் முதலாளி வேறு.

அடுத்தவன் ஏஜெண்ட். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு பெற்ற முகவரே அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் தம் சேவைக்கு ஆளிடம் வாங்கக்கூடிய உச்ச தொகை 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரி. சிங்கப்பூர்ச் சட்டமும் அங்குள்ள முகவர், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. நடைமுறையில் லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. கிராமத்தில் முதலில் வந்து பேசுகிறவன் சப்-ஏஜெண்ட். அவனுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அவனுக்குமேல் திருச்சியில் ஓர் அலுவலகம், அதற்குமேல் சென்னையிலோ மும்பையிலோ பதிவு பெற்ற நிறுவனம், அதற்கும்மேல் அயல்நாட்டில் ஒரு தரகர் என்று படிப்படியாக ஏறும் இந்த வரிசையில், ஒவ்வொரு படியிலும் ஒரு தொகை தங்கிவிடுகிறது. ரசீது மட்டும் எங்கும் தங்குவதில்லை.

கடனின் இயல்பைச் சற்று நிதானித்துப் பார்ப்பது அவசியம். சிங்கப்பூர்க் கட்டட வேலைக்குப் போக முதலில் டெஸ்ட் அடிக்கவேண்டும். அதாவது கம்பி கட்டுதல், ஓடு பதித்தல், குழாய் இணைத்தல் போன்ற ஒரு தொழிலில் அந்நாட்டுக் கட்டுமான ஆணையம் அங்கீகரித்த திறன்தேர்வில் தேறவேண்டும். பயிற்சி, தேர்வு, ஏஜெண்ட், விமானம் எல்லாம் சேர்த்து 3 லட்ச ரூபாய் கடன் என்றும், ஊர் வழக்கப்படி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாத வட்டி 6,000 ரூபாய். புதிதாகப் போகிறவனுக்கு நாளொன்றுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படைச் சம்பளம் என்றால், 26 நாளைக்கு 468 வெள்ளி. சாப்பாடு, போன், சில்லறைச் செலவு 200 வெள்ளி போக மிஞ்சுவது 268 வெள்ளி. வெள்ளி 63 ரூபாய் என்றால் 16,884 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 12,000 ரூபாய் போனால் கடனுக்கு மிஞ்சுவது 4,884 ரூபாய். அது வட்டிக்கே போதாது. மாதந்தோறும் 1,116 ரூபாய் கடன் வளர்ந்துகொண்டே போகும். ஓவர்டைம் கிடைத்தால் நிலைமை மாறுகிறது. அந்நாட்டுச் சட்டம் மாதத்துக்கு 72 மணி நேரம் வரை ஓவர்டைம் அனுமதிக்கிறது. மணிக்கு மூன்றரை வெள்ளி வீதம் முழு 72 மணியும் கிடைத்தால் 252 வெள்ளி, அதாவது ஏறக்குறைய 15,900 ரூபாய் அதிகம் வரும். அப்போது கடன் தீர ஒன்றரை ஆண்டு ஆகும். வொர்க் பெர்மிட் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஆக, அவன் முழு உழைப்பில் முக்கால் பங்கு கடனுக்கு. மிஞ்சிய ஆறு மாதமே தனக்கு. அந்த ஒன்றரை ஆண்டுக்குள் நோய் வந்தாலும், கம்பெனிக்கு வேலை குறைந்து ஓவர்டைம் நின்றாலும், பெர்மிட் ரத்தானாலும், அவன் திரும்பி வருவது புறப்பட்ட நாளைவிட ஏழையாக.

இதே கடன் 1 லட்சமாக இருந்தால், ஓவர்டைமோடு ஏறக்குறைய ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தேசம் மாறவில்லை, சம்பளம் மாறவில்லை. நுழையும்போது கொடுத்த விலை ஒன்றே மாறியது. எந்தத் தேசம் என்று கேட்பதற்கு முன் எத்தனை மாதத்தில் கடன் தீரும் என்று கேட்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே ஆதாரம்.

நாணயத்தின் மதிப்பைக் கண்டு மயங்குவது இன்னொரு பிழை. உலகத்திலேயே விலையுயர்ந்த நாணயம் குவைத் தினார். 2024-இல் ஒரு தினாருக்குச் சுமார் 270 ரூபாய். அதைக் கேட்கிற தகப்பனாருக்கு மனம் குளிர்வது இயல்பு. ஆனால் அங்கே வீட்டுவேலைக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார், தனியார் துறையில் 75 தினார். அவை அந்த மதிப்பின்படி ரூபாயில் 16,200-உம் 20,250-உமே. கத்தார் ரியாலின் மதிப்பு அப்போது சுமார் 23 ரூபாய்தான். எனினும் 2021 மார்ச் முதல் அந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், அதாவது 23,000 ரூபாய். முதலாளி சாப்பாடும் தங்குமிடமும் தராவிட்டால் முறையே 300-உம் 500-உம் ரியால் சேர்த்துக் கொடுக்கவேண்டும். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ரூபாயில் 32,000-க்குமேல் வரும் அத்தொகையிலிருந்து அவன் சாப்பாட்டுச் செலவைக் கழிக்கவேண்டும். நாணயத்தின் கனம் ஒரு பொருட்டே அன்று. மாதக் கடைசியில் ஊருக்கு வந்து சேரும் ரூபாயே பொருட்டு.

சம்பளத்தினும் முக்கியமானது, ஒத்துவராத முதலாளியை விட்டு விலகும் சுதந்திரம். இவ்விஷயத்தில் தேசங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே தேசத்தில் விசாவுக்கு விசா உள்ள வேறுபாடு பெரிது. குவைத்தில் தனியார் கம்பெனிக்கு 18-ஆம் நம்பர் விசா, வீட்டுவேலைக்கு 20-ஆம் நம்பர் விசா. நம்மவர்கள் காதிம் விசா என்று சொல்லும் இந்த இரண்டாவதில் போனவன் கம்பெனி வேலைக்கு மாற, 2024-இல் ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை இரண்டே மாதம் விசேஷமாகக் கதவு திறக்கப்பட்டது. அத்தகைய அறிவிப்பு இல்லாத காலத்தில் அவன் அந்த வீட்டோடு கட்டுண்டவன். சவூதி அரேபியா 2021 மார்ச்சில் கொண்டுவந்த சீர்திருத்தம் தொழிலாளர் வேலை மாற வழிவிட்டது; ஆனால் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர் ஆகியோரை அது விலக்கிவைத்தது. டிரைவர் வேலைக்கென்று போய்ப் பாலைவனத்தில் ஆட்டுக்கிடையில் நிற்க நேர்ந்த தமிழர் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. கத்தார் 2020-இல் முதலாளியின் சம்மதச் சீட்டு என்ற தேவையையே நீக்கிற்று. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆளிடமிருந்து சேர்க்கைச் செலவு வாங்குவதையும் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பதையும் தடுக்கிறது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்காரன் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளிக்கு மாறலாம். ஏட்டிலுள்ள சட்டம் எல்லா இடத்திலும் நடைமுறையாவதில்லை. ஆயினும் ஏட்டிலேயே இல்லாத உரிமையை எந்தத் தூதரகமும் வாங்கித் தரமுடியாது.

நம் சட்டத்தின் காவல் எங்கே நிற்கிறது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெறவேண்டும். ஒப்பந்தம் அங்கே பதிவாகும். 275 ரூபாயில் இரண்டாண்டுக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயமாகக் கிடைக்கும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. சிங்கப்பூர் அப்பட்டியலிலேயே இல்லை. எனவே இன்று இம்மாவட்டங்களிலிருந்து போகும் படித்த பிள்ளைகளில் பலர், அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் இடம்பெறாமலே விமானம் ஏறுகிறார்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பற்றி 45 இந்தியர் மாண்டபோது, அவர்களில் எழுவர் தமிழ்நாட்டார். தங்குமிடம் எப்படிப்பட்டது, ஓர் அறையில் எத்தனை பேர் என்பவை புறப்படுமுன் கேட்கத் தகாத கேள்விகள் அல்ல என்பதை அந்தத் தீ நமக்கு உணர்த்தியிருக்கவேண்டும்.

விசிட் விசாவில் போய் வேலை தேடுவது, அல்லது விசாவே கேளாத நாட்டுக்குப் போய்த் தங்கிவிடுவது, இவையெல்லாம் தேர்வுகளே அல்ல. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியரை 30 நாள் விசாவின்றி அனுமதிக்கிறது, அது சுற்றுலாவுக்கு. முப்பத்தோராம் நாள் அவன் சட்டவிரோதக் குடியேறி. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022-இல் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவதியில் இணையமோசடிக் கூட்டத்தாரிடம் அடைபட்டதை நாடு அறியும்.

செவிலியர் விஷயம் சற்று நம்பிக்கையளிப்பது. வளைகுடா முதலிய அந்தப் பட்டியல் நாடுகளுக்குச் செவிலியர் 2015 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகவே போகவேண்டும். 1978-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. ஜெர்மனி போன்ற தேசங்கள் மொழியைக் கற்று வருகிறவர்களுக்கு, குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும், காலம் சென்று பிரஜையாகவும் வழி வைத்திருக்கின்றன. ஓராண்டு மொழிப் படிப்பு நீண்டதாகத் தோன்றலாம். மூன்று லட்சக் கடனை அடைக்கிற ஒன்றரை ஆண்டைவிட அது குறுகியதே.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொழில் தெரிந்த கட்டட வேலைக்காரனுக்கு, நுழைவுச் செலவு 1 லட்சத்தைத் தாண்டாதவரை சிங்கப்பூரும், சம்பளமும் தங்குமிடமும் எழுத்தில் உறுதியானால் கத்தாரும் அமீரகமும் ஏற்கத்தக்கவை. வீட்டுவேலை விசாவில் குவைத்துக்கோ சவூதிக்கோ போவதைத் தவிர்க்கவேண்டும். பெண்கள் விஷயத்தில் இதை இரட்டிப்பாகச் சொல்வேன். 3 லட்சம் கேட்கிற எந்தத் தேசமும் முதல் தேர்வாக இருக்கக்கூடாது.

இதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கண்டறிய வேண்டியிருப்பது நியாயமன்று. இரு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும், வாரந்தோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கும் அந்தத் திங்கட்கிழமையே, ஒப்பந்தத்தைப் படித்துத் தமிழில் விளக்கவும், முகவரின் பதிவெண்ணை மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் சரிபார்த்துச் சொல்லவும் ஒரு மேஜை போடவேண்டும். அயலகத் தமிழர் நலவாரியம் அதற்கு ஆள் கொடுக்கவேண்டும். திரும்பி வந்த தொழிலாளிகளை அதில் அமர்த்தவேண்டும். அந்த மேஜை வரும் வரையில், வாசகர்களில் எவரேனும் தம் ஊரில் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டால், விசாவின் வகை என்ன, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கடன் எத்தனை மாதத்தில் தீரும் என்னும் மூன்றையும் அவனோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகே பணம் கட்ட விடுங்கள்.